நாகையாவின் அமைதியான வீடு

அந்தக் காலத்துக் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் அமைதியான வீடு என்று ஒன்று இருந்ததாக திருவாளர் நாகையா ஒருவர்தான் நம்பினார். நம்பியதோடு நில்லாமல் சத்தியமும் செய்தார். 1931-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டமன்சரா ரோட்டு மேட்டில் ஒரு துரைசாணி நடத்திவந்த பிராணிகள் இல்லத்தில், ஒரு பூனைக் கூண்டின் முன்னால் நின்றுகொண்டு அந்தச் சத்தியத்தைச் செய்தார்.

"நம்ம வீடு கோயில் கருவறை மாதிரிம்மா! இத்தனை வருஷத்துல ஒரு சின்னச் சத்தம்கூட நான் கேட்டதில்ல!"

இதை அவர் சொன்ன வேகத்தில் பக்கத்துக் கொட்டகையிலிருந்த பதினோரு நாய்களும் ஒன்றாகக் குரைக்க ஆரம்பித்தன. நாகையா அவற்றைத் திரும்பிப் பார்த்தார். பாவம், எல்லாம் வாயை வாயைத் திறக்கின்றனவே, காலையில் தீனி போடவில்லை போலிருக்கிறது என்று வருத்தப்பட்டார்.

அவர் பொய் சொல்லவில்லை. ரயில் பட்டறையில் பத்தொன்பது வருஷமாக அவருக்கு ஒரே உத்தியோகம். என்ஜின் பாய்லரின் வயிற்றுக்குள் தவழ்ந்து போய் உட்கார்ந்து, ரிவிட்டின் தலையை இரும்புக் கட்டையால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். வெளியிலிருந்து இரண்டு பேர் சம்மட்டியால் மாறி மாறி அடிப்பார்கள். கோயில் மணிக்குள் ஆளை உட்கார வைத்து மணியடிப்பதைப் போன்றது அது. முதல் இரண்டு வருஷம் காதுக்குள் வண்டு இரைந்தது. பிறகு வண்டும் போய்விட்டது. பாய்லர் பிரிவில் எல்லோருக்கும் காது மந்தம் என்பதால் எல்லோரும் கத்தித்தான் பேசினார்கள். நாகையாவோ உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிக்கக் கற்றுக்கொண்டார். அடர்ந்த மீசைக்காரர்களிடம் மட்டும் அதிகம் சகவாசம் வைத்துக்கொள்ளவில்லை. தான் முழுச் செவிடு என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தன்னிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

துரைசாணிக்கும் தமிழர்களுக்கும் நடுவில் நின்று பேசியவள் சாந்தமேரி. அங்கே கூண்டு கழுவும் வேலையும் அவளுடையதுதான்.

"அண்ணே, எலி பிடிக்கத்தானே பூனை கேட்டீங்க? அந்தப் பக்கம் நல்ல கடுவனா ரெண்டு இருக்கு. இது வேணாம். இது மனுச வாடை பட்டாலே செத்துப்போயிடும்."

"ஏன் செவுத்தப் பாத்து உக்காந்திருக்கு?"

"பயம். மீன் பாசார்ல யாரோ சுடுதண்ணிய ஊத்திட்டாங்க. மூணு மாசமா அப்படியேதான். புதன்கிழமை இதோட முறை வருது."

"என்ன முறை?"

சாந்தமேரி மூலையிலிருந்த தகரப் பெட்டியைக் கண்ணால் காட்டினாள். யாரும் எடுத்துப் போகாத பிராணியை அதில் வைத்து, மருந்து நனைத்த பஞ்சையும் உள்ளே போட்டு மூடிவிடுவார்கள். வலியே தெரியாது என்பது துரைசாணியின் கருத்து. அதுவரை எந்தப் பூனையும் அதை மறுத்துப் பேசியதில்லை.

பட்டறையில் அப்போது வாரம் தவறாமல் ஆட்குறைப்புப் பட்டியல் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பெயர் வந்தவன் மூட்டையைக் கட்டிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டியதுதான். புதன்கிழமை என்று நாள் குறிக்கப்பட்ட ஜீவனை விட்டுவிட்டு வர நாகையாவுக்கு மனம் வரவில்லை. மனைவி இராஜம்மா காய்ச்சலில் போய் ஒரு வருஷமாகியிருந்தது. வீட்டில் எலிகளைத் தவிர அவரை எதிர்பார்த்திருப்பவர் யாருமில்லை.

"இதையே குடு" என்றார். நாய்கள் மறுபடி குரைத்தன.

துரைசாணி நிபந்தனைகளைக் காகிதத்தில் கொடுத்தார், சாந்தமேரி படித்துச் சொன்னாள். வீடு அமைதியாக இருக்க வேண்டும். பொறுமை வேண்டும். ஒளிந்தால் இழுக்கக் கூடாது, தானாக வரும்வரை தொடக் கூடாது. ஒரு மாதம் கழித்து ஆள் வந்து பார்ப்பார். பயம் தெளிந்திருக்காவிட்டால் பூனை திரும்ப வந்துவிட வேண்டும். திரும்பி வந்தால் எங்கே போகும் என்பதைக் காகிதத்தில் எழுதவில்லை. நாகையா கைநாட்டு வைத்தார்.

அவருடைய கருவறை, ரயில்வே ஆட்கள் குடியிருந்த லயன் வரிசையில் முதல் வீடு. பின்சுவருக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு சாக்கடைதான் இருந்தது. பெட்டிகளைக் கோத்துக் கழற்றும் வேலை விடிந்ததிலிருந்து அங்கேதான் நடக்கும். அடுத்த வீட்டுப் பவுனம்மாள் நாலு வீட்டுக்கு மிளகாய் இடித்துக் கொடுப்பவள். ஓய்ந்த நேரத்தில் புருஷனோடு சண்டை போடுவாள், அவனும் சளைத்தவனில்லை. இதற்கெல்லாம் நடுவில் கூடையைத் திறந்து வைத்து நாகையா அன்போடு, "வா அம்மிணி!" என்றார். சுவரில் பல்லிகூட ஓடி ஒளிந்தது. அம்மிணி கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியின் பின்னால் போனவள்தான், போனாள்.

பொறுமை என்று காகிதம் சொன்னதை நாகையா வேதவாக்காக எடுத்துக்கொண்டார். வேலை விட்டு வந்ததும் தரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். கருவாட்டுத் துண்டைப் பின்னால் தள்ளி வைப்பார். திரும்பிப் பார்க்க மாட்டார். அது பயப்படக் கூடாதென்று இடைவிடாமல் பேசிக்கொண்டிருப்பார், அதாவது லயன் முழுக்கக் கேட்கும்படி தாலாட்டுவார். கருவாடு மறுநாள் காலைவரை அப்படியே கிடக்கும். அவர் வேலைக்குப் போன பிறகு எப்போதோ காணாமல் போகும். ஒரு மாதம் இப்படியே கழிந்தது.

சொன்னபடி சாந்தமேரி வந்தாள். திண்ணையில் கால் வைக்கும்போதே காதைப் பொத்திக்கொண்டாள். பின்னால் சரக்கு வண்டி பெட்டி கோத்தது. சுவரில் மாட்டியிருந்த முருகன் படம் நடுங்கியது. பவுனம்மாள் உலக்கை போட்டாள்.

"அண்ணே! இதுவா அமைதியான வீடு?"

"எது சத்தம்?" என்றார் நாகையா, உண்மையாகவே திகைத்து.

சாந்தமேரி அவர் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு முதுகுப்பக்கம் போய் நின்று, "அண்ணே, உங்க வேட்டியில தீ" என்றாள். நாகையா அசையவில்லை. அவள் முன்னால் வந்து அதையே திரும்பச் சொன்னபோது அவருக்கே விளங்கிவிட்டது. கட்டிலில் உட்கார்ந்தார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. பட்டறைக்குத் தெரிஞ்சா அடுத்த பட்டியல்ல என் பேருதான்."

"நான் ஏன் சொல்றேன்? ஆனா இந்த ஜீவன் செத்துக்கிட்டிருக்கு. எலும்பு தெரியுது பாருங்க." விரலை மடக்கி ஒவ்வொன்றாகச் சொன்னாள். ரயில், உலக்கை, சண்டை, கோயில் மேளம். கட்டை விரலுக்கு வந்ததும் தயங்கினாள். "அப்புறம் நீங்க."

"நானா?"

"நீங்கதான் எல்லாத்துலயும் மோசம், அண்ணே."

இன்னும் ஒரு மாதம் தவணை வாங்கித் தருவதாகச் சொல்லிப் போனாள். அன்றிலிருந்து நாகையா வீட்டுக்குள் வாய் திறப்பதை நிறுத்தினார். தன்னால் ஒரு உயிர் ஒரு மாதம் நடுங்கிக் கிடந்திருக்கிறது என்பதை அவரால் விழுங்க முடியவில்லை. இரண்டு நாள் சோற்றையும் விழுங்க முடியவில்லை. அடுத்து பவுனம்மாளிடம் போனார்.

"தங்கச்சி, உலக்கைய அந்தப் பக்கம் போட்டு இடிக்க முடியுமா? பூனை பயப்படுது."

"பூனை பயப்படுதா? உங்க தாலாட்டுல எனக்கே ரெண்டு தரம் வயித்தக் கலக்கிடுச்சு! நான் உங்ககிட்ட வந்து சொன்னேனா?"

"அதான் நிறுத்திட்டேனே."

"அதான் பாத்தேன். அண்ணன் போயிட்டாரோன்னு நெனச்சு அழ ரெடியா இருந்தேன்."

ஆனாலும் உலக்கையைத் தள்ளிப் போட்டாள். புருஷனைத் தள்ளிப் போட வழியில்லை என்றாள். ரயிலைத் தள்ளிப் போடவும் யாராலும் முடியாதே. ஆகவே லயனின் மறுகோடியில், செம்மண் மேட்டுப் பக்கம் காலியாகக் கிடந்த கடைசி வீட்டுக்கு மாற்றல் கேட்பதென்று நாகையா முடிவு செய்தார்.

மனு எழுதிக் கொடுத்தவர் ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி தம்புசாமி. எந்த மனுவையும் கண்ணீர் வரும்படி எழுதுவதில் கைதேர்ந்தவர். பூனை என்று எழுதினால் பட்டறைத் துரை சிரிப்பார் என்று பூனையை எடுத்துவிட்டு, "தற்போதைய இல்லத்தில் தாங்கொணாத இரைச்சலால் அடியேன் அல்லும் பகலும் வதைபடுகிறேன்" என்று அழகான இங்கிலீஷில் எழுதினார். நாகையா நன்றியோடு கைநாட்டு வைத்தார். கைநாட்டு வைப்பதில் அவருக்கு எப்போதுமே அவசரம்.

துரை மனுவைப் படித்தார். பத்தொன்பது வருஷம் பாய்லருக்குள் உட்கார்ந்தவனுக்கு இரைச்சல் தாங்கவில்லையாம். அவர் அனுபவத்தில் அப்படி ஒருவன் இருக்க முடியாது. ஆட்குறைக்க ஆள் தேடிக்கொண்டிருந்த காலம் வேறு. 'டாக்டர் பரிசோதிக்கவும்' என்று ஓரத்தில் எழுதிவிட்டார்.

டாக்டர் யாழ்ப்பாணத்தவர். பார்வைக்குச் சாது. நாகையாவை நாற்காலியில் உட்கார வைத்து, சட்டைப்பையிலிருந்து கடிகாரம் ஒன்றை எடுத்து அவர் காதருகில் பிடித்தார்.

"கேக்குதோ?"

உதட்டைப் பார்த்துவிட்ட நாகையா உற்சாகமாகச் சொன்னார். "நல்லா கேக்குது சார்! டிக் டிக், டிக் டிக்னு கணீர்னு கேக்குது!"

"கெட்டிக்காரன்" என்றார் டாக்டர். "இது ஓடாம நிண்டு நாலு வருஷம்."

சனிக்கிழமை பட்டியலில் அவர் பெயர் முதலாவதாக இருந்தது. நாகப்பட்டினத்துக்கு இலவசக் கப்பல் சீட்டும் கொடுத்தார்கள். பதினைந்து நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். சீட்டில் ஆளொன்றுக்கு ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கை என்று இருந்தது. பூனையைப் பற்றிக் கேட்டதற்கு, கப்பலில் ஏற்கெனவே இருக்கிறது என்று பதில் சொன்னார்கள்.

பவுனம்மாள் வாசலில் நின்று புத்தி சொன்னாள். "அண்ணே, அத அந்த வெள்ளைக்காரியம்மாகிட்டயே விட்டுட்டு ஊருக்குப் போய்ச் சேருங்க. இங்க இருந்து பிச்சையா எடுக்கப் போறீங்க?"

நாகையா உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். இரண்டு கண்கள் அவரைப் பார்த்தன, பிறகு சுவரைப் பார்த்தன. மறுவாரம் கப்பல் போனது. நாகையா போகவில்லை.

பூனைக்குத் தவணைமேல் தவணை வாங்கித் தந்த சாந்தமேரிக்குத் தெரிந்த ஒருவர் மூலம், ஊருக்கு வெளியே அம்பாங்கில் காவல்காரர் வேலை கிடைத்தது. ஈயத்துக்கு விலையில்லாமல் மூடிக் கிடந்த சுரங்கம் அது, லம்பம் என்பார்கள். நாலு பக்கமும் வெள்ளை மணல், நடுவில் பச்சைத் தண்ணீர்க் குட்டை, ஒரு பம்பு ஷெட், ஓலை வேய்ந்த ஒரு அத்தாப்புக் குடிசை. காக்கைகூட வருவதில்லை. லம்பத்துச் சீன முதலாளியான தவுக்கே நாகையாவின் தோளை அமுக்கிப் பார்த்து, கடைத்தெருவில் பேசும் பாசார் மலாயில் பத்து வார்த்தை பேசினார். நாகையா பத்துக்கும் "போலே, போலே" என்று தலையாட்டினார். முடியும், முடியும் என்றால் எந்த முதலாளிக்குத்தான் பிடிக்காது? இவ்விதமாகப் பூமியிலேயே சத்தமில்லாத இடத்துக்குக் காவலராக ஒரு செவிடர் நியமனமானார்.

வேலையை உண்மையில் பார்த்தது அம்மிணிதான். ஆள் நடமாட்டம் அரை மைலில் தெரிந்தாலும் அவளுடைய காது மடங்கும், உடம்பு தரையோடு ஒட்டும், அடுத்த நொடி சாக்குக்குப் பின்னால் போய்விடுவாள். நாகையா உடனே தடியை எடுத்துக்கொண்டு வெளியே போய் ஒரு சத்தம் போடுவார். அந்தச் சத்தத்தைக் கேட்ட திருடன் இரண்டாவது சத்தத்துக்குக் காத்திருப்பதில்லை. அக்கம்பக்கத்து லம்பங்களில் எல்லாம் இரும்பு களவு போன அந்த ஐந்து மாதத்தில், இங்கே ஒரு திருகாணி போகவில்லை. தவுக்கே சீனப் பெருநாளைக்கு ஒரு வாத்து கொடுத்தார்.

ஆனால் அமைதி தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. முதலில் அம்மிணி கருவாட்டை அவர் இருக்கும்போதே தின்றாள். பிறகு வாசலில் வெயில் காய்ந்தாள். மேலே பருந்து கத்தினால் காதை மட்டும் திருப்பினாள். நாகையா உள்ளுக்குள் பூரித்தார். தனக்குக் காதாக இருந்தவள் மந்தமாகி வருகிறாள் என்பது அவருக்கு உறைக்கவில்லை.

ஒரு நாள் மதியம் அவர் வாசலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். அம்மிணி வந்தாள். முழங்காலை முகர்ந்தாள். ஒரு காலை எடுத்து வைத்தாள், யோசித்தாள், மறுகாலையும் வைத்தாள். மடியில் ஏறிச் சுருண்டாள். ஒன்பது மாதத்தில் முதல் தடவை. நாகையா மூச்சை அடக்கினார். அவளுடைய உடம்புக்குள் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது, நல்ல பாய்லர் சீராக ஓடுவதைப் போல. தொடையில் அது அதிர்ந்தது. பத்தொன்பது வருஷத்தில் அவருக்கு எட்டிய முதல் நல்ல சத்தம் அது.

நிமிர்ந்தபோது பம்பு ஷெட்டிலிருந்து நாலு பேர் செப்புக் குழாயைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்தார். நாலும் ஒட்டிய வயிறு. ஒருவன் பட்டறைக் காக்கிச் சட்டையைக்கூட இன்னும் கழற்றவில்லை. அவர்களும் அவரைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்கள். அவர் ஒரு சத்தம் போட்டால் போதும். குழாய் அங்கேயே விழும், ஓடுவார்கள்.

மடியிலிருப்பவளும் ஓடுவாள். இனி வரவே மாட்டாள்.

நாகையா வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார். நாலு பேரும் கொஞ்சநேரம் காத்திருந்துவிட்டு, குழாயைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தார்கள். பிறகு திரும்பி வந்து மோட்டாரையும் எடுத்துப் போனார்கள்.

சாயங்காலம் தவுக்கே வந்தார். ஷெட்டைப் பார்த்தார், குடிசை வாசலைப் பார்த்தார், கையை ஆட்டி ஆட்டிக் கத்தினார். நாகையா உதட்டில் விரலை வைத்து, பிறந்ததிலிருந்து பேசாத தாழ்ந்த குரலில், "பெலான், பெலான், தவுக்கே" என்றார். மெதுவாகப் பேசும்படி முதலாளிக்குச் சொன்ன முதல் காவல்காரர் அவராகத்தான் இருக்க வேண்டும். கடைசிக் காவல்காரரும் அவர்தான். காவல் காக்க அங்கே இனி எதுவுமில்லை.

இருட்டுவதற்குள் வெளியேறச் சொன்னார். நாகையா அம்மிணியைக் கூடையில் வைத்து, துணியால் மூடி, ஒரு கையை உள்ளே விட்டபடி சாலைக்கு வந்தார். எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. கோலாலம்பூர்ப் பக்கம் ரயில் இருந்தது, மோட்டார் வண்டி இருந்தது, மேட்டின்மேல் தகரப் பெட்டி இருந்தது. அதனால் மறுபக்கம் திரும்பி, காட்டை நோக்கி நடந்தார். கூடைக்குள் அம்மிணியின் உடம்பு திடீரென்று விறைத்து நடுங்கியது. எங்கோ இடி இடித்திருக்கிறது. அவர் வானத்தைப் பார்த்துவிட்டு நடையை எட்டிப் போட்டார்.