மலைப்படைக்குப் போன பன்றி வியாபாரி

லோரென்ஸ் ஹேகர் முப்பத்தாறு வயதுவரை மலையைப் பார்த்ததில்லை. யூகோஸ்லாவியாவின் பனாத் சமவெளியில் ஜெர்மன்காரர்கள் குடியிருந்த ஊரில் பிறந்தவன். எந்தப் பக்கம் திரும்பினாலும் மக்காச்சோளமும் வானமும்தான். சுற்றியிருந்த செர்பிய ஊர்களில் பன்றி வாங்கி விற்றுப் பிழைத்தான். பேரம் பேசிப் பேசியே செர்பிய மொழி அவனுக்குத் தாய்மொழிபோல ஆகிவிட்டது. வசைகளையெல்லாம் அதில்தான் பேசுகிறான் என்று மனைவி அப்பலோனியா குறைபட்டுக்கொள்வாள்.

1942இல், நாட்டைப் பிடித்திருந்த நாஜிகள் ஜெர்மன் வம்சத்து ஆண்களைத் திரட்டி மலைப்படை ஒன்றை அமைத்தார்கள். பெயரளவில் தொண்டர் படை. வராதவர்களை இழுத்துப்போக வீட்டுக்கு ஆள் வந்தது. ஆசையோடு போனவர்களும் இருந்தார்கள். லோரென்ஸ் ஆசைப்படவுமில்லை, மறுக்கவுமில்லை. கோவேறு கழுதைகளை ஓட்டச் சொன்னார்கள். போஸ்னிய மலைகளில் மூச்சு வாங்கி, கழுதையின் வாலைப் பிடித்துக்கொண்டு ஏறினான்.

அடுத்த கோடையில், கெரில்லாக்களுக்குச் சோறு போட்டதாகச் சொல்லி ஒரு செர்பிய ஊரைக் கொளுத்த உத்தரவு வந்தது. அகப்பட்ட ஆண்களைச் சுட்டாயிற்று. லோரென்ஸ் பெட்ரோல் டின்களை இறக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள். மாமியார் உள்ளே எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறாள், தூக்க ஒரு கை கொடு என்றாள்.

பக்கத்தில் நின்ற படைத் தோழன் ஃபெர்டினாண்ட் கேட்டான்: "என்னடா சொல்றா?"

"தெரியலடா," என்றான் லோரென்ஸ்.

அவள் தனியாகவே உள்ளே போனாள். அவள் வெளியே வந்தாளா என்று அவன் நின்று பார்க்கவில்லை. கழுதைகளைத் திருப்பிக்கொண்டு இறங்கிவிட்டான்.

போர் முடிந்ததும் கைதியாகி நிலக்கரிச் சுரங்கத்தில் நான்கு வருடம் கழித்தான். ஊரில் எஞ்சிய ஜெர்மன்காரர்களை, போரில் வென்ற கெரில்லாக்கள் முகாமில் அடைத்திருந்தார்கள். அங்கே அவனுடைய மகள் எல்லி பட்டினியில் செத்துப்போனாள். ஜெர்மனியில், பவேரியாவின் ஒரு செங்கல் சூளை ஊரில்தான் அப்பலோனியாவோடு மறுபடி சேர்ந்தான்.

ஒருமுறை ஃபெர்டினாண்ட் வீட்டுக்கு வந்தான். பியர் குடித்தபடி, நாம் வெறும் சிப்பாய்கள், அந்த ஜனங்கள் என்ன கத்தினார்கள் என்றே நமக்குப் புரியாது என்று பேசிக்கொண்டு போனான்.

"எனக்குப் புரிஞ்சது," என்றான் லோரென்ஸ்.

ஃபெர்டினாண்ட் பேச்சை மாற்றினான், சீக்கிரமே கிளம்பியும்விட்டான். அப்பலோனியா தம்ளர்களை எடுக்காமல் நின்று, என்ன புரிந்தது என்று கேட்டாள். லோரென்ஸ் ஒன்றையும் விடாமல் சொன்னான்.

தம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "முகாம்ல நானும் காவக்காரன் கையப் புடிச்சுக் கெஞ்சினேன். செர்பியன்தான். எல்லிக்கு ரெண்டு நாள் பால் கொண்டுவந்து குடுத்தான். மூணாம் நாள் அவன வேற எடத்துக்கு மாத்திட்டாங்க."

லோரென்ஸ் அவன் பெயரைக் கேட்டான். தெரியாது என்றாள்.

அதற்குப் பிறகு அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரே வீட்டில் பதினெட்டு வருடம் வாழ்ந்தார்கள். படைத் தோழர்களின் கூட்டங்களுக்கு அவன் ஒருபோதும் போகவில்லை. நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்தில் அவன் பேசியதெல்லாம் செர்பிய மொழியில்தான். நர்ஸுகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பலோனியாவுக்கு விளங்கியது; கட்டிலருகே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.