நல்ல ஸ்பானரை வீட்டில் வைத்துவிட்டு

சாக்கை விரித்து அதன் மேல் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். நாலு ஸ்பானர், ஒரு பிளக் ஸ்பானர், பெரியதும் சிறியதுமாக இரண்டு திருப்புளி, ஓர் அரம், சின்னச் சுத்தியல், எண்ணெய் விடுகிற மூக்குக் குப்பி. எல்லாம் வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன தோல் பையில் இருந்தவை. குறடு இருக்க வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது. மலாயாவில் மெர்போக்குக்கு உள்ளே தள்ளி இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்துக் கூலிகளின் லயத்து வீட்டில், மத்தியானம் மூன்று மணி இருக்கும். எதிரில் அண்ணி மரவள்ளிக்கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் மோட்டார் சைக்கிளோடு எதை அனுப்புவது, எதை வீட்டில் நிறுத்துவது என்று நாங்கள் இருவரும் முடிவு செய்த மத்தியானம் அது. ஜப்பான்காரன் காலத்தில் நடந்தது. அன்று வேறு மாதிரி முடிவு செய்திருந்தால் நான் சயாமுக்குப் போயிருப்பேன். போனவர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும்.

ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரை காரில் ஏறித் தெற்கே போய்விட்டார். அவருடைய மோட்டார் சைக்கிள் ரப்பர் கொட்டகையில் நின்றது. நான் அந்தக் கொட்டகையில் எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுத் துடைக்கிற வேலையில் இருந்தேன். இருபத்திரண்டு வயது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்பு படித்ததைத் தவிர வேறு படிப்பு இல்லை. எஞ்சின் பாஷை மட்டும் எப்படியோ புரியும். தோட்டத்துக்கு வந்த ஜப்பான் அதிகாரியை நாங்கள் மாஸ்டர் என்று கூப்பிட்டோம். வாரம் ஒரு முறை அவருடைய கடிதப் பையைச் சுங்கைப் பட்டாணி ஆபீசில் கொடுத்துவிட்டு, பதில் பையை வாங்கி வர வேண்டும். அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று உத்தரவு வரும். ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி பட்டியல் எழுதுவார். லாரி வரும். மோட்டார் சைக்கிள் ஓட்ட ஒருவன் வேண்டும் என்பதால் என் பெயர் மட்டும் அந்தப் பட்டியலில் ஏறாமல் இருந்தது.

வண்டி ஓடியது என்று சொல்வதைவிட, அதை நான் இழுத்துக்கொண்டு போனேன் என்று சொல்வதுதான் பொருத்தம். பெட்ரோல் கிடையாது. ரப்பரைக் காய்ச்சி எடுத்த ஓர் எண்ணெயைக் கொடுத்தார்கள். அது எரிந்தால் சுடுகாட்டு நாற்றம் வரும். ஐந்தாறு மைலுக்கு ஒரு தடவை பிசின் போலப் படிந்து கார்புரேட்டர் துவாரத்தை அடைத்துவிடும். மயிரிழை போன்ற துவாரம். கம்பியை விட்டுக் குத்தினால் துவாரம் பெரிதாகி வண்டி இன்னும் கெட்டுவிடும். துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குதான் அதற்குச் சரி என்று நான் கண்டுபிடித்தேன். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கைவிரலால் கழற்றுகிற அளவுக்கே முடுக்கி, அதிர்வில் கழன்று விழாமல், ரப்பர் மரத்தில் பால்கோப்பையைத் தாங்குகிற கம்பியால் சுற்றிக் கட்டி வைத்திருப்பேன். வண்டி நின்றதும் கம்பியை வெட்டி, கிண்ணத்தைக் கழற்றி, ஈர்க்கை விட்டு எடுத்து, புதுக் கம்பி கட்டினால் அடுத்த ஐந்தாறு மைல் ஓடும்.

கம்பி வெட்ட முதலில் துரையின் குறடு இருந்தது. இரண்டாவது வாரமே வழியில் பீடோங் சந்தியில் காவலுக்கு நின்ற ஜப்பான்காரன் பையைத் திறந்து அதைக் கையில் எடுத்தான். சாலை ஓரமாகப் போகிற டெலிபோன் கம்பியைக் காட்டினான். பிறகு என் கழுத்தைக் காட்டினான். அவன் பேசியது புரியாவிட்டாலும் விஷயம் புரிந்தது. அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டு என்னை விட்டுவிட்டான். வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னேன். அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி; நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். ரப்பர் மரத்துப் பால்வெட்டுக்குப் போகிறவர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். லயத்தில் அவர் வாய்க்கு, வேலை வாங்குகிற கங்காணியே ஒதுங்கிப் போவார். நான் சொன்னதைக் கேட்டு இடுப்பிலிருந்து பாக்குவெட்டியை உருவிக் கொடுத்தார்.

"இந்தா, இது வெட்டாத கம்பியா? கேட்டா வெத்தல போடுறேன்னு சொல்லு. ரெண்டு பாக்கும் போட்டு வச்சிக்க."

"நான் வெத்தல போட மாட்டேனே, அண்ணி."

"கழுத்து போறதுக்கு வாய் செவந்தா பரவால்ல."

அன்று முதல் பாக்குவெட்டி பையில் வந்தது. அடுத்த வாரம் அந்தக் காவல்காரன் அதைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். கம்பியை அது அழகாக வெட்டியது. முறுக்கவும் முறுக்கியது. டியூப் ஒட்டப் பசை இல்லாததால் ஒரு சிறு குப்பியில் ரப்பர் பாலும், ஒட்டுப் போட ரப்பர் துண்டும் எடுத்துப்போனேன். அந்த விஷயத்தில் நான் ஒரு பெரிய முட்டாள்தனமும் செய்தேன். டியூபுக்கு உள்ளேயே ஒரு கோப்பைப் பாலை ஊற்றிவிட்டால் எந்த ஓட்டையும் தானாக அடைபட்டுவிடும் என்று நினைத்து ஊற்றி, வண்டியை நிறுத்தி வைத்தேன். காலையில் எடுத்தபோது பால் முழுவதும் அடியில் ஒரே பக்கமாக உறைந்து கட்டியாகியிருந்தது. சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை எம்பி எம்பிக் குதித்தது. லயத்து வாசலில் அத்தனை பெண்கள் நிற்கும்போது அண்ணி கேட்டார்: "ஏந்தம்பி, வண்டி முழுகாம இருக்கா?" அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் குழாயடிப் பக்கம் போகவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கிராணி ஒருநாள் கொட்டகைக்கு வந்தார். நல்ல மனிதர். பட்டியல் எழுத ஆரம்பித்த பிறகு யாருடைய முகத்தையும் நேராகப் பார்க்கமாட்டார். எஞ்சினைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தம்பி, மாஸ்டருக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியுமாம். நாளைக்கு அவனே சுங்கைப் பட்டாணிக்கு எடுத்துட்டுப் போறானாம். சரியா ஓடுச்சின்னா இனிமே தானே போய்க்கிறேங்கிறான். ஒம்பேர எழுதிக்கச் சொல்லிட்டான்."

"ஐயா, எழுதிட்டீங்களா?"

"பென்சில்ல எழுதியிருக்கேன்."

அவர் போன பிறகு நான் செய்ததை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. வண்டியை நன்றாகத் துடைத்தேன். பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். மாஸ்டர் கேட்பாரே என்று தோல் பையில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வீட்டுக்கு எடுத்து வந்து சாக்கில் பரப்பினேன். என்னைச் சயாமுக்கு அனுப்பப்போகிற பயணத்துக்கு நானே கட்டுச்சோறு கட்டிக்கொண்டிருந்தேன். கிராணி சொன்னதை அண்ணியிடம் தலையைக் குனிந்தபடியே சொன்னேன். அவர் கிழங்கு உரிப்பதை நிறுத்தவில்லை. கத்தி முனையால் ஒரு ஸ்பானரைத் தொட்டார்.

"இது எதுக்கு?"

சொன்னேன். அடுத்ததைத் தொட்டார். அதற்கும் சொன்னேன். கடைசி வரை கேட்டார்.

"இவ்வளவும் கையில இருந்தா, வழியில நின்னுட்டா அவனே சரி பண்ணிடுவானா?"

"வண்டி ஓட்டத் தெரிஞ்சவன் பண்ணிடுவான், அண்ணி. ஒவ்வொன்னா கழட்டிப் பாத்தா அடைப்பு கண்ணுக்குத் தெரிஞ்சிடும்."

"நீ ரோட்டுல எத வச்சு வேல செய்யிற?"

"ஈர்க்கு, கம்பி, பாக்குவெட்டி. டியூப்புக்குப் பாலு."

"மத்ததெல்லாம்?"

"சும்மா, இருக்கட்டும்னு."

"அந்த இருக்கட்டும் வீட்டிலயே இருக்கட்டும். சுருட்டி உள்ள வையி."

எனக்கு அது உடனே விளங்கவில்லை. மாஸ்டர் வழியில் நின்றுபோக வேண்டும் என்கிறார் என்று பிறகுதான் விளங்கியது. ஸ்பானர் இல்லாமல் ஒரு வண்டியை அனுப்பினால் என்னை என்ன வேலைக்காரன் என்று நினைப்பார் என்று கேட்டேன். அந்த நேரத்திலும் எனக்கு அந்தக் கவலை இருந்தது.

"நெனக்கட்டுமே. சயாமுக்குப் போற கெட்டிக்காரனவிட இங்க கெடக்கிற முட்டாப்பய தேவல."

"வேணும்னே செஞ்சேன்னு கண்டுபிடிச்சா தலைய எடுத்துடுவான், அண்ணி."

"என்னத்தக் கண்டுபிடிப்பான்? வண்டியில ஏதாச்சும் கெடுத்தியா? இல்ல. பையில பொய்யா ஏதாச்சும் வச்சியா? அதுவும் இல்ல. நீ தெனம் எத வச்சுப் பொழைக்கிறியோ அதத்தான் குடுக்குற. அவனுக்குப் பொழைக்கத் தெரியலைன்னா அது ஓங்குத்தமா?"

தோல் பையை அரிசி இல்லாத அரிசிப் பானைக்குள் போட்டு மூடினார். நான் துணிப்பை ஒன்றில் ஒரு கட்டு ஈர்க்கு, ஒரு சுருள் கம்பி, பாக்குவெட்டி, பால் குப்பி, ரப்பர் துண்டு, இரண்டு கொட்டைப்பாக்கு, இவ்வளவும் வைத்தேன். மோட்டார் சைக்கிள் தெரிந்தவர் எவரும் அந்தப் பையைப் பார்த்தால் ஏதோ கிழவி சந்தைக்குப் போகிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

மறுநாள் காலை மாஸ்டர் கடிதப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். துணிப்பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நன்றாகவே ஓட்டினார். சத்தம் தேய்ந்து மறைகிறவரை ஆபீஸ் வாசலில் நின்றேன். எஞ்சின் அவ்வளவு சுத்தமாக ஓடியதே எனக்குப் பயமாக இருந்தது. அன்றைக்கென்று பார்த்து அடைக்காமல் போய்விட்டால் என்ன செய்வது? பத்து மணி ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. போய்த் திரும்புவதென்றால் இந்நேரம் வந்திருக்க வேண்டும். பால் எடை போட வந்த அண்ணி என்னைத் தாண்டிப் போகும்போது மெதுவாக, "வழியில செமிலிங்ல வேர்க்கடலை திங்கிறானோ என்னமோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று மணிக்கு வந்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். செமிலிங்கிலிருந்து மலாய்க்காரர்கள் இரண்டு பேர் பின்னால் தள்ளிக் கொடுத்தார்கள். சட்டை முழுக்க நனைந்து முகம் கரி பூசியிருந்தது. என்னைக் கூப்பிட்டுக் கன்னத்தில் அறைந்தார். துணிப்பையைத் தலைகீழாகக் கொட்டினார். ஈர்க்கும் பாக்கும் மண்ணில் உருண்டன. "பெர்காக்காஸ் மானா? மானா?" என்று தெரிந்த மலாயில் கத்தினார். கருவிகள் எங்கே என்று கேட்கிறார். எனக்குச் சாதாரண நாளிலேயே வாய் எழும்பாது. அப்படியே உட்கார்ந்து பாக்குவெட்டியை எடுத்துக் கம்பியை வெட்டினேன். கிண்ணத்தைக் கழற்றினேன். ஈர்க்கை விட்டு ஊதினேன். திரும்ப மாட்டிக் கம்பி சுற்றி முறுக்கினேன். மூன்றாவது உதையில் எஞ்சின் கிளம்பிற்று.

மாஸ்டர் ஓர் ஈர்க்கைப் பொறுக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு பாக்குவெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த நேரத்தில்தான் அண்ணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, குனிந்து வணங்கி, கையை நீட்டினார். "அது என் பாக்குவெட்டிங்க. காலையிலேருந்து வாய் நமநமங்குது" என்றார். கிராணி அதை எப்படி மலாயில் சொன்னாரோ தெரியாது. மாஸ்டர் கொடுத்துவிட்டார். அண்ணி அங்கேயே நின்று பாக்கை வெட்டி வாயில் போட்டுக்கொண்டார். மாஸ்டர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்து போனது. கடிதப் பையைக் கழற்றி என் மேல் எறிந்தார். "இனி இவன்தான் போக வேண்டும்" என்று கிராணியிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். கிராணி ரப்பரை எடுத்து என் பெயரை அழிப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அந்த இடத்தில் வேறு ஒரு பெயர் எழுதப்பட்டிருக்கும். என் பெயர் போனதால் உத்தரவில் ஓர் ஆள் குறைந்திருக்காது. யாருடைய பெயர் என்று நான் கிராணியிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று பல நாள் நினைத்தேன். அவர் இறந்து இப்போது பல வருஷங்கள் ஆகின்றன. இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் வெறும் தமாஷாகிவிடும் என்பதால் எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் சரணடைகிறவரை வாரம் தவறாமல் அந்தச் சாலையில் போனேன். பயம் இருந்தது. பசியும் இருந்தது. ஆனாலும் காலை வெயிலில் ரப்பர் மரங்களுக்கு நடுவே வண்டியை ஓரங்கட்டி, ஈர்க்கை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரங்களை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. பிறகு சுங்கைப் பட்டாணியில் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். கல்யாணம் ஆயிற்று. மூன்று பிள்ளைகள். தலை நரைத்துவிட்டது.

அண்ணி இப்போது மகனோடு கரங்கானில் இருக்கிறார். போன மாதம் போயிருந்தேன். அண்ணன் மகன் புதிதாக மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தான். ஜப்பான் வண்டிதான். அலோர் ஸ்டாருக்குப் போகிறானாம். "சித்தப்பா, வழிக்கு என்னென்ன சாமான் எடுத்துக்கலாம்?" என்று கேட்டான். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது: "அவங்கிட்டக் கேக்காத. ஒன்னும் வேணாம்பான்."

பையன் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இத்தனை வருஷமாகச் சொல்லாததை அன்று சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. வாசல் தூணைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

"அண்ணி, அன்னைக்கு நீங்க சொல்லலேன்னா நான் இன்னைக்கு இல்ல."

அவர் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தார்.

"ஒனக்காகவா சொன்னேன்? ஒங்கண்ணனுக்கு அப்பவே நெஞ்சு வலி, கோடரி தூக்க முடியாது. நீயும் போயிட்டா எனக்கு வெறகு யாரு பொளப்பா?" என்றார். பிறகு முகத்தைத் திருப்பாமலே, "பின்னால ரப்பர்க் கட்டை ரெண்டு கெடக்கு. இவன் தொட மாட்டேங்குறான். பொளந்து போட்டுட்டுச் சோறு திங்க வா" என்றார்.

நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கோடரியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன்.