தங்கச்சி உழக்கிய கரகரப்பு

எங்கள் பக்கத்தில் ஹார்ட் ரொக் வாசித்த ஒரே ஆள் நான்தான் என்றால், அடக்கமில்லாதவன் என்பீர்கள். இல்லைத்தான். அடக்கமாக வாசிக்கிற சங்கீதமா அது?

எண்பத்துமூன்றில் கலவரத்துக்குத் தப்பிக் கொழும்பிலிருந்து கப்பலில் வடக்கே ஊருக்கு வந்தபோது, மற்றவர்கள் நகைப்பெட்டியைத் தூக்கினார்கள். நான் எலெக்ட்ரிக் கிற்றாரைத் தூக்கினேன். அம்மா அதை மன்னிக்கவேயில்லை. பிறகு பல வருசம், வீட்டில் எது காணாமல் போனாலும் அந்தக் கண்டறியாத கிற்றாரில்தான் பழி விழுந்தது.

தொண்ணூறில் சண்டை மூண்டு மின்சாரம் நின்றது. கம்பி அறுந்தால் மாற்றக் கம்பி இல்லை; சைக்கிள் பிறேக் கேபிளைப் பிரித்து, அதில் ஒரு இழையை உருவிப் போட்டேன். சத்தம் பெரிதாகக் கேட்கக் கிற்றாரைப் பழைய றேடியோவில் கொழுவினேன். பற்றரி கிடையாது. ஊரே சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவில் வயர் கொடுத்துச் செய்தி கேட்ட காலம். எனக்குத் தங்கச்சி ஏறியிருந்து பெடலை உழக்கினாள். கூலி இல்லை, ஏச்சு மட்டும்தான்.

ஒருநாள் அவளுக்குக் களைத்துவிட்டது. சில்லு மெதுவாகச் சுற்றியது. றேடியோவுக்குக் கரண்ட் போதாமல், கிற்றார்ச் சத்தம் உடைந்து கரகரவென்று உறுமியது. கசெற்றுகளில் கேட்டுக் கேட்டு நான் ஏங்கிய அதே உறுமல்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதன்பிறகு எந்த இடத்தில் களைக்கவேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கொஞ்ச நாளில் நான் சொல்லத் தேவையிருக்கவில்லை.

கோயில் திருவிழாக்களில் பாட்டுக் கச்சேரி செய்யும் குழு ஒன்றில் கிற்றார்க்காரர் கனடாவுக்குப் போய்விட்டார். குழுத் தலைவர், ஓர்கன் வாசிக்கிறவர், எங்கள் வீட்டுக்கு வந்து நான் வாசிப்பதைக் கேட்டார். கேட்டுவிட்டு நெடுநேரம் தலையாட்டினார்.

“தம்பி, மேடையிலை உந்தச் சத்தம் வந்தால் இனி நீர்தான். வராட்டில் வேறை ஆளைப் பாக்கிறன்.”

வேறு ஆள் என்றால் எனக்குக் கொடிகாமச் சந்தையில் மாமாவோடு தேங்காய் வியாபாரம். அப்பா அதை முடிவே செய்துவிட்டார்.

மருதனார்மடத்துக்குக் கிட்ட ஒரு கோயில். இரவில் வெளிச்சம் கண்டால் விமானம் குண்டு போடும் என்ற பயத்தில் கச்சேரியை இருட்டுமுன் பின்னேரமே வைத்தார்கள். சைக்கிளை மேடைக்குக் கொண்டுபோவோம் என்று தங்கச்சி சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. மண்ணெண்ணெய் ஜெனரேற்றரே நிற்கிறது, நல்ல கரண்ட். கலைஞனுக்கு எதற்குச் சைக்கிள் என்று ஏசிவிட்டேன். நல்ல கரண்ட் வந்தால் நல்ல சத்தம் வரும் என்று நம்பிய மடையன் நான்.

முதல் பாட்டு. றேடியோவுக்கு முன்னால் மைக்கை வைத்து, கம்பியை ஓங்கி அடித்தேன். பால்போலச் சுத்தமான சத்தம் வந்தது. எவ்வளவு அடித்தாலும் உறுமவில்லை. ஓர்கன்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தேங்காய் மூட்டைகள் என் கண்ணுக்குத் தெரிந்தன.

பாட்டு முடிந்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து தங்கச்சி எழும்பினாள். வீதியில் விட்டிருந்த சைக்கிளை உருட்டிக்கொண்டு மேடைக்கு வந்தாள். அம்மா பின்னாலேயே ஓடிவந்தார்.

“குமர்ப்பிள்ளை, சனம் பாக்குதடி. நாளைக்கு ஆர் உன்னைக் கட்டுவான்?”

“சைக்கிள் ஓடத் தெரிஞ்சவன் கட்டுவான்,” என்றாள். சாறியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறிக் குந்தினாள்.

றேடியோ வயரை நானே பிடுங்கி டைனமோவில் கொழுவினேன். இரண்டாம் பாட்டின் நடுவில் நான் தனியே வாசிக்க விட்ட இடம் வந்தது. அவள் மெல்லக் களைத்தாள். கிற்றார் உறுமியது. ஜெனரேற்றர் பழுதாகிப் போச்சு என்று கோயில்காரர் ஒருவர் அதைப் பார்க்க ஓடினார். இளந்தாரிகள் எழுந்து நின்று விசிலடித்தார்கள். அந்தப் பின்னேரம் நான் வாசித்ததுபோல வேறு எவனும் வாசித்திருக்க மாட்டான்.

கச்சேரி முடிந்ததும் ஓர்கன்காரர் சிரித்தபடி வந்தார். நான் கையை நீட்டினேன். மனுசன் என்னைத் தாண்டிப் போய்த் தங்கச்சிக்கு முன்னால் நின்றார்.

“பிள்ளை, சனிக்கிழமை சாவகச்சேரியிலை கச்சேரி. வருவீரோ?”

தங்கச்சி முகத்து வேர்வையைச் சாறித் தலைப்பால் துடைத்தாள்.

“ஓம், வாறன். அண்ணையையும் கூட்டிக்கொண்டு வாறன்.”