இடது கைக்கு ஒரு வில்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் மதியச் சமையல் கிடையாது. அடுப்பில் பழுதில்லை. எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்பு விடப் போயிருந்தேன்!

சிரிக்காதீர்கள். முதன்முதலில் சொன்னபோது என் வீட்டுக்காரரும் இப்படித்தான் சிரித்தார். பதுளை பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் மனிதர். கழுத்தில் அளவு நாடாவோடு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அம்பது தாண்டியாச்சு. மாடிப்படி ஏறினாலே உனக்கு மூச்சு வாங்குது. இதுல வில்லு வேறயா?"

"அம்பு விடுறதுக்கு மாடிப்படி ஏற வேணாங்க."

விஷயம் இதுதான். டவுனுக்கு வெளியே, ஸ்பிரிங்வெளி போகும் வழியில், புதர் மண்டிய பற்றைக்காடும் யூக்கலிப்டஸ் மரங்களுமாக ஒரு பூங்கா இருக்கிறது. பிள்ளைகள் இருவரும் வேலைக்கென்று கொழும்புக்குப் போன பிறகு, மாலையில் அங்கே நடக்கப் போவேன். ஒருநாள் 'டக்' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால், மரங்களுக்கு நடுவே ஒரு பெண் வில்லும் கையுமாக நிற்கிறாள். தூரத்துப் பலகையில் அம்பு இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.

அவள்தான் தங்கமலர். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை. தாய்மார் கொழுந்து பறித்து முடித்து வரும்வரை அவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"நாள் பூரா நாலு பக்கமும் அழுகைச் சத்தம்க்கா. இங்க வந்தா அம்பு மட்டுந்தான் சத்தம் போடுது" என்றாள்.

அந்தப் பூங்காவில் பயிற்சி நடத்தும் வில்வித்தை கிளப்பில் சேர இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? அந்த வாரமே நானும் சேர்ந்தேன்.

சேர்ந்தேன்... என்ன பயன்? என் அம்புகள் பலகையைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போயின. கொய்யாப் புதர், எறும்புப் புற்று, ஓடைக்கரைச் சேறு — நான் குறி தவறாத இடங்கள் இவை. வில்லைப் பிடித்திருந்த நேரத்தைவிடக் குனிந்து அம்பு தேடிய நேரம்தான் அதிகம். வீட்டுக்கு வந்தால் காலில் அட்டை. வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் உப்பு டப்பாவை நீட்டுவார். அந்த மௌனம் இருக்கிறதே... அட்டை தேவலாம்!

விட்டுவிடலாம் என்று முடிவு செய்த அன்றுதான் பயிற்சியாளர் சமந்த என்னைக் கூப்பிட்டார். சிங்களவர். பஜாரில் வளர்ந்ததால் நம்மைப் போலவே தமிழ் பேசுவார்.

"அக்கா, ரெண்டு கையையும் நீட்டுங்க. நடுவுல சின்னதா ஒரு ஓட்டை வைங்க. அதுக்குள்ளால அந்த மரத்தைப் பாருங்க. இப்ப ஒரு கண்ணை மூடுங்க."

இடது கண்ணை மூடினேன். மரத்தைக் காணோம்! அதைத் திறந்து வலது கண்ணை மூடினேன். மரம் அப்படியே நின்றது.

"உங்களுக்கு இடது கண்ணுதான் குறி பாக்குது. நீங்க வலது கையால இழுக்கிறீங்க. பிறகு எப்படி அம்பு நேரா போகும்? இடது கையால இழுங்க."

எனக்குத் திக்கென்றது.

நான் பிறவியிலேயே இடது கைக்காரி. உங்களுக்காக எழுதிவரும் இந்தப் பத்தியில் இதுவரை சொன்னதில்லை. என் அப்பாவுக்கும் பஜாரில் கடைதான். சாமான் பொட்டலத்தை இடது கையால் நீட்டினால், "எந்தக் கை?" என்று கேட்பார். அடிக்க மாட்டார். கேள்வி மட்டும்தான். ஆனால் வாடிக்கையாளர் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே எழுதுவது, சாப்பிடுவது, கோலம் போடுவது என்று எல்லாவற்றையும் வலது கைக்கு மாற்றினேன். கல்யாணமாகி வந்த வீட்டில் இது யாருக்கும் தெரியாது.

கிளப்பில் இடது கைக்காரருக்கான வில் ஒன்று இருந்தது. யாரோ தவறுதலாக வரவழைத்ததாம். தூசு தட்டிக் கொடுத்தார் சமந்த. நாணை இழுத்தேன். தோளும் முழங்கையும் தானாகவே ஒரே கோட்டில் வந்து நின்றன. விட்டேன்.

டக்!

"அக்கா! பலகையில! பலகையிலக்கா!" என்று தங்கமலர் குதித்தாள்.

என் கண் நிறைந்துவிட்டது. கேட்டவர்களிடம் அட்டை கடித்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதன்பிறகு மழை நாளைத் தவிர ஒரு மாலையையும் விடவில்லை. போன ஞாயிறு கொழும்புப் பக்கமிருந்து ஒரு கிளப் போட்டிக்கு வந்தது. பெண்கள் பிரிவில் அணிக்கு இருவர். எங்கள் கிளப்பில் பெண்களே இருவர்தான். ஆக, தேர்வுக் குழுவுக்கு அதிக வேலை இருக்கவில்லை!

வந்தவர்கள் இருவருமே இளம் பெண்கள். ஒரே மாதிரி டி-ஷர்ட், ஒரே மாதிரி தொப்பி, பளபளக்கும் வில். நான் சுடிதாருக்கு மேல் ஸ்வெட்டர். இந்த அழகில், மரத்தடியில் ஒரு குடை தெரிகிறது. குடைக்குக் கீழே என் வீட்டுக்காரர்!

"மழை வருமோன்னு குடை கொண்டாந்தேன்" என்றார். வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

தங்கமலர் அன்று அற்புதமாக விட்டாள். நானும் பெரிதாகச் சொதப்பவில்லை. கடைசியில் என் ஓர் அம்புதான் மீதி. நடு மஞ்சளில் பட்டால் எங்களுக்கு வெற்றி. சுற்றியுள்ள சிவப்பில் பட்டால் அவர்களுக்கு.

வில்லைத் தூக்கினேன். அந்த நேரம் பார்த்து நமுனுகுல மலைப்பக்கமிருந்து மூடுபனி இறங்கியது. ஒரு நொடியில் பலகையைக் காணோம். நடுவரின் கடிகாரமோ ஓடிக்கொண்டிருக்கிறது. வில்லை இறக்கிவிட்டு நின்றேன்.

"விடு! நேரம் போகுது, விட்டுரு!" — வேறு யார், குடைக்காரர்தான்.

"நீங்க சும்மா இருங்கண்ணே! அக்காவுக்குத் தெரியும்" என்றாள் தங்கமலர்.

தெரியுமா? சத்தியமாகத் தெரியாது. ஆனால் தெரியாத இடத்துக்கு அம்பு விட எனக்கு மனமில்லை. இத்தனை வருடம் மற்றவர்கள் அவசரத்துக்கு ஓடியது போதாதா? நின்றேன். பனி லேசாக விலகியது. முதலில் பலகையின் கால்கள், அப்புறம் சிவப்பு, அதற்குள் மங்கலாக ஒரு மஞ்சள். இடது கையால் இழுத்தேன்... விட்டேன்.

சத்தம் கேட்டது. எங்கே பட்டதென்று தெரியவில்லை. நடுவர் பலகைவரை நடந்து போய், குனிந்து பார்த்துவிட்டுக் கையை உயர்த்தினார்.

மஞ்சள்!

தங்கமலர் என்னைத் தூக்கிவிட்டாள். உண்மையாகவே இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள்! கொழும்புப் பெண்கள் ஓடிவந்து கை கொடுத்தார்கள். வீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளியே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ இடது கைக்காரியா?" என்றார் மெதுவாக.

"ஆமாங்க."

"ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலீங்க."

அவர் குடையை என்னிடம் கொடுத்துவிட்டு, வில் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

நமக்கு எது வராது என்று நினைக்கிறோமோ, அதைக் கை மாற்றி ஒருமுறை செய்து பார்த்திருக்கிறோமா? நீங்களும் யோசியுங்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். பையைத் தட்டிப் பார்த்த கண்டக்டர், "என்ன ஐயா இது, இவ்வளவு நீளமா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்:

"வில்லு. எங்க வீட்டம்மாவோடது. கொஞ்சம் தள்ளியே நில்லுங்க!"