மூணு முழத் தட்டி

எழுபதுகளில் மயிலாப்பூரில் எங்கள் தெரு ஓவியக் கண்காட்சிக்கு மூங்கில் தட்டி கட்டியவர் அவர். ஒல்லி உடம்பு, காதில் பீடி. டேப்பைத் தொடமாட்டார், கையாலேயே முழம் போடுவார். படம் மாட்ட நாலு முழ உயரம் கேட்டிருந்தோம். பன்னிரண்டு தட்டியும் மூணு முழத்தில் நின்றன.

காரியதரிசி என்ற மிதப்பில் ஜோக் அடித்தேன். “என்னப்பா, குழந்தைங்க மட்டும் பாக்கற கண்காட்சியா?”

அவர் தன் கையையே பார்த்தார்.

“முந்தாநேத்து எம் பொண்ணுக்குப் பாடை கட்னேன் சார். கை அந்த அளவுலயே நின்னுகீது. மாத்திக் கட்டிடறேன், வேற ஆளக் கூப்டாத.”

“இப்படியே இருக்கட்டும்” என்றேன்.

மாலையில் வந்தவர்கள் குனிந்து குனிந்து படம் பார்த்தார்கள். புதுமையான யோசனை என்று என்னைப் பாராட்டினார்கள். நானும் வெட்கமில்லாமல் சிரித்தேன். வாசலில் அவர் மிச்சக் கயிற்றை முழம் போட்டுச் சுருட்டிக்கொண்டிருந்தார்.