இடது பக்கம் மட்டும் பாடும் ஸ்டீரியோ

எங்கள் காரில் புதிதாக ஏறுகிறவர்கள் தெரு முனை தாண்டுவதற்குள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். "சார், உங்க வலது பக்க ஸ்பீக்கர் போயிடுச்சு போலிருக்கே." போகவில்லை. எல்லா ஸ்பீக்கரும் நன்றாகத்தான் இருக்கின்றன. போனது என் மனைவியின் வலது காது. அது போனதற்கு நான் காரணமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். போனபிறகு வீணான நாட்களுக்கு யார் காரணம் என்பது அவருக்குத் தெரியாது. நாங்கள் சொல்லவில்லை.

நான் வருவாய்த் துறையில் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு பட்டா மாறுதலுக்கு யாருக்கெல்லாம் அறிவிப்பு போக வேண்டும், யார் ஆட்சேபணை தெரிவிக்கலாம், எந்த மனுவை எந்தக் காரணம் சொல்லித் தள்ளலாம் என்பதையெல்லாம் இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ஓய்வு பெற்றவனை யாரும் எழுப்பிக் கேட்பதில்லை. அதனால் அந்த அறிவு முழுவதையும் வீட்டிலேயே செலவழித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் சிலிண்டர் மாற்றுவதற்குக்கூட ஒரு நடைமுறை உண்டு.

என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எங்கள் லுத்தரன் சபையின் பாடகர் குழுவில் ஆல்டோ பாடுகிறாள். ஆல்டோ என்பது முதன்மையான ராகத்துக்குக் கொஞ்சம் கீழே, அதை ஒட்டியே ஓடும் பெண்குரல். தனியாகக் கேட்டால் பாட்டு மாதிரியே இருக்காது. அது இல்லாவிட்டால் பாட்டு சப்பென்று போய்விடும். இதெல்லாம் அவள் சொல்லித் தெரிந்துகொண்டது. ஞாயிறுதோறும் ஆண்கள் பக்கம் உட்கார்ந்து கேட்டிருந்தும் எந்தக் குரல் ஆல்டோ என்று என்னால் பிரிக்க முடிந்ததில்லை. குழுவை நடத்துகிறவர் ஒவ்வொரு குரலையும் தனித்தனியாகப் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். குடவாசலில் இருக்கும் எங்கள் நிலத்தைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அவள் செல்போனை முன்கண்ணாடிக்குக் கீழே வைத்து, அந்தப் பதிவைப் போட்டு, கூடவே முனகிக்கொண்டு வருவாள். செல்போனின் சத்தம் சாலைச் சத்தத்தில் கரைந்துவிடும். காரோடு வந்த பழைய ஸ்டீரியோவில் ஒரு சிடி உள்ளே போய்ச் சிக்கி, அதற்குப் பிறகு அது எதையும் வெளியிட மறுத்துவிட்டது.

ஆகவே, அவளுடைய வசதிக்காகப் புது ஸ்டீரியோ ஒன்று வாங்குவது என்று முடிவெடுத்தேன். ஆணையின் முன்னுரையில் எழுதுவதென்றால் அப்படித்தான் எழுத வேண்டும். பயனாளியைக் கலந்தாலோசிக்கும் வழக்கம் எங்கள் துறையில் இல்லை.

தஞ்சாவூரில் கார் சாமான் விற்கும் கடைகளில் ஏறி இறங்கி, விலைப்புள்ளி வாங்கி, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டேன். பெட்டிமேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வாட்ஸை நம்பக் கூடாது. அது ஈர நெல்லின் எடை மாதிரி. காய்ந்த பிறகு எவ்வளவு நிற்கும் என்பதுதான் கணக்கு. தொடர்ந்து பாடும்போது எத்தனை வாட்ஸ் என்று கேட்டேன். காரின் வயரை வெட்டாமல், அந்தக் காருக்கென்று வரும் கப்ளர் என்ற இணைப்பை மாட்டித்தான் இணைக்க வேண்டும் என்றேன். பெரிய திரை வேண்டாம், இடது வலது சமநிலை மாற்றும் வசதி வேண்டும் என்றேன். கடைக்காரர் கையிலிருந்த டீயைக் குடிக்காமல் என்னைப் பார்த்தார்.

"சார், ஸ்டீரியோதான சார் வாங்குறீங்க? நான் ஏதோ கொள்ளிடத்துல பாலம் கட்ட டெண்டர் எடுக்குறேன்னு நெனச்சேன்."

"பாலம்னா இவ்வளவு கேக்க மாட்டேன். அதுல நான் ஏறப் போறதில்லையே" என்றேன்.

அந்த நாட்களில் என் மனைவிக்குச் சளியும் காய்ச்சலும். வலது காது அடைத்தாற்போல் இருக்கிறது என்று ஒருநாள் காலையில் சொன்னாள். சளி இறங்கினால் சரியாகிவிடும் என்றேன். அவளும் அப்படித்தான் நினைத்தாள். இதுவரை தப்பு இரண்டு பேருக்கும் பொது.

ஸ்டீரியோவைப் பொருத்திய மறுநாள் குடவாசலுக்குக் கிளம்பினோம். பொங்கல் முடிந்திருந்த சமயம். வலங்கைமான் தாண்டிச் சாலையில் பாதியை நெல் காயவைத்து அடைத்திருந்தார்கள். அறுவடை எந்திரம் ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. வேகமாகப் போக வழியில்லாததால் ஸ்டீரியோவின் பெருமைகளை ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கினேன். பேஸை ஏற்றினேன், இறக்கினேன். கடைசியில் அவளுடைய ஆல்டோ பதிவையே போட்டேன். கார் முழுக்க அந்தக் குரல் நிறைந்தது. அவள் காதுப்பக்கம் கையைக் கொண்டுபோனாள். பிறகு ஸ்டீரியோவைக் காட்டி ஏதோ சொன்னாள்.

அவள் சொன்னது: "எனக்குக் கேக்கலங்க."

என் காதில் விழுந்தது: "என்னக் கேக்கலங்க."

தமிழில் காதின் வேலைக்கும் வாயின் வேலைக்கும் ஒரே வினைச்சொல். அவளுக்குக் கேட்கவில்லை என்பதற்கும் அவளை நான் கேட்கவில்லை என்பதற்கும் நடுவே நிற்பது ஒரு 'கு'. அந்த எழுத்தை நான் வாங்கிக் கொடுத்த ஸ்பீக்கர் விழுங்கிவிட்டது. அதை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமில்லை. ஊரில் எல்லாக் கடைக்காரர்களையும் கேட்டுவிட்டு அவளை மட்டும் கேட்கவில்லை என்பது எனக்கே உள்ளுக்குள் உறுத்திக்கொண்டிருந்தது. உறுத்தியதுதான் காதில் விழுந்தது.

நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "ஆட்சேபணை இருந்தா அறிவிப்பு கொடுத்தப்பவே சொல்லியிருக்கணும். இது காலங்கடந்த மனு. தள்ளுபடி!" சொல்லிவிட்டு, தீர்ப்புக்கு முத்திரை குத்துவதுபோல் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப் பின் வந்த வாரங்களில் நான் ஏதாவது சொன்னால் பல நேரம் அவளிடமிருந்து பதில் வரவில்லை. சமையலறையில் பின்னாலிருந்து காபி கேட்டால் திரும்பவே மாட்டாள். சரி, கோபம் என்று எடுத்துக்கொண்டேன். ஸ்டீரியோ விஷயத்தில் கலந்துகொள்ளாத கோபம், அதை மறைமுகமாகத் தொடர்கிறாள். பதில் வராத கடிதத்துக்கு நினைவூட்டு அனுப்பினால் நம் பலவீனம் தெரிந்துவிடும் என்பது அலுவலகத்தில் கற்றது. நானும் பேசுவதைக் குறைத்தேன். எத்தனையோ கோப்புகளைப் படுக்கவைத்தே ஜெயித்தவன் நான்.

காரில் மட்டும் ஒரு கடிதப் போக்குவரத்து நடந்தது. சத்தம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைத் திரையில் ஒரு புள்ளி காட்டும். நான் அதை நட்டநடுவில் வைத்திருந்தேன். கையேட்டிலும் அப்படித்தான் போட்டிருந்தது. அடுத்த முறை வண்டியை எடுக்கும்போது புள்ளி இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். நான் நடுவுக்குத் தள்ளுவேன். மறுபடி இடது ஓரம். இருவரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பாடகர் குழுவின் சனிக்கிழமைப் பயிற்சிக்குப் போவதையும் அவள் நிறுத்தியிருந்தாள். "சளி" என்றாள். சளிக்கும் ஒரு கெடு உண்டே என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது பாடகர் குழுவிலிருக்கும் அம்மாள் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஸ்தோத்திரம் அண்ணே. அக்கா காது இப்ப எப்படி இருக்கு? அவங்க இல்லாம எங்க ஆல்டோ பல்லு போன வாய் மாதிரி இருக்கு."

"காதா?"

"வலது காது சுத்தமா கேக்கலன்னாங்களே. டாக்டர் என்ன சொல்றாரு? உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும், தெரியும். பாத்துக்கிட்டுதான் இருக்கோம்" என்றேன். கோயில் வாசலில் நின்று இவ்வளவு சரளமாகப் பொய் சொல்ல முடியும் என்பது எனக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

காரில் ஏறியதும் ஸ்டீரியோவை அணைத்தேன். ஓட்டிக்கொண்டே கேட்டேன்: "ஏம்மா, காது கேக்கலன்னு என்கிட்ட ஏன் சொல்லல?"

பதில் இல்லை. நான் அவளுடைய வலது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. வண்டியை ஓரங்கட்டி, அவள் கையைத் தொட்டேன். திரும்பினாள். மறுபடி கேட்டேன்.

"சொன்னேனே" என்றாள். "குடவாசல் போறப்ப. நீங்கதான் என்னமோ சிரிச்சீங்க. எனக்குக் கேட்டது தள்ளுபடிங்கறது மட்டுந்தான். அப்புறம் சவுண்டை ஏத்திவிட்டீங்க."

"என்னைக் கேக்கலன்னு நீ சொன்னதா நெனச்சேன்."

"எதைக் கேக்கல?"

"ஸ்டீரியோ வாங்கறப்ப உன்னை ஒரு வார்த்தை கேக்கலன்னு."

அவள் சிரித்துவிட்டாள். உண்மையான சிரிப்பு, அதனால்தான் தாங்க முடியவில்லை. "என்னைக்குங்க நீங்க என்னைக் கேட்டிருக்கீங்க, இதுக்குப் போயி நான் புதுசா கோவிச்சுக்க?"

மருத்துவக் கல்லூரி சாலையில் இருந்த காது மூக்கு தொண்டை டாக்டர் அவளை ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, ஒலி கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொன்னார். இடது காதுக்கு அவள் வகுப்பில் முதல் வரிசை மாணவிபோல் உடனுக்குடன் கை தூக்கினாள். வலது காதுக்கு மாற்றியதும் கை மடியிலேயே கிடந்தது. ஒவ்வொரு முறையும் கூர்ந்து கேட்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டாளே தவிர, கை எழவில்லை. நான் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்கு, தூக்கு என்று மனதுக்குள் சொன்னேன். பரீட்சையில் காப்பி அடிக்கவைக்கும் தகப்பன் மாதிரி.

"எப்பலேர்ந்துமா?" என்று டாக்டர் கேட்டார்.

"பொங்கல் சமயத்துலேர்ந்து."

"அப்பவே வந்திருக்கணும். இந்த மாதிரி திடீர்னு நரம்புல வர்றதுக்கு ஆரம்பத்துலயே மருந்து ஆரம்பிச்சா சில பேருக்குத் திரும்பும். எல்லாருக்கும்னு சொல்ல முடியாது. இப்பவும் குடுத்துப் பாப்போம், ஆனா ரொம்ப நம்பிக்கை வெச்சுக்காதீங்க. ஏன் இவ்வளவு லேட்டு?"

"சளின்னு நெனச்சுட்டேன் டாக்டர். என் தப்புதான்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்களும் ஒண்ணும் கவனிக்கலையா?"

வாயைத் திறக்க அதைவிட நல்ல சமயம் இருக்க முடியாது. நான் தலையை மட்டும் ஆட்டினேன். அது ஆமாமா இல்லையா என்று அவருக்குப் புரிந்திருக்காது. அப்படித்தான் ஆட்டினேன். காலங்கடந்த மனு, தள்ளுபடி. இதே தீர்ப்பை அவர் எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார் என்று பட்டது. எத்தனை பேருடைய மனுவின் ஓரத்தில் இந்தச் சொற்களை எழுதியிருப்பேன் என்று யோசிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

மருந்து சாப்பிட்டாள். காது திரும்பவில்லை.

திரையிலிருந்த புள்ளியை நானே இடது ஓரத்துக்குத் தள்ளி வைத்தேன். மன்னிப்பு மனுவுக்கு அதற்குமேல் எனக்கு வடிவம் தெரியவில்லை. அவள் அதைப் பார்த்துவிட்டு, "சவுண்டு சரி, ஆனா நீங்க பேசுறது கேக்கலையே" என்றாள். சாவிக்குக் கையை நீட்டினாள். "நான் ஓட்டுறேன். நீங்க இந்தப் பக்கம் வாங்க." அவளிடம் லைசென்ஸ் எப்போதிருந்தோ இருந்தது. வண்டியைக் கொடுக்காமலிருக்க என்னிடம்தான் எப்போதும் காரணங்கள் இருந்தன.

இப்போது அவள் ஓட்டுகிறாள். அவளுடைய நல்ல காது என் பக்கம். ஆல்டோ முழுவதும் என் முழங்காலுக்குப் பக்கத்திலிருக்கும் கதவு ஸ்பீக்கரிலிருந்து கிளம்பி என்னைத் தாண்டி அவளுக்குப் போகிறது. எந்த வளைவில் ஹாரன் அடிக்க வேண்டும், எங்கே கியரைக் குறைக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டு வருவேன். "இந்தக் காது நல்லாத்தாங்க கேக்குது. அதையும் கெடுத்துடாதீங்க" என்பாள்.

பாடகர் குழுவுக்கு மட்டும் அவள் வெகுநாள் போகவில்லை. ஒற்றைக் காதுக்கு எல்லாக் குரலும் ஒரே திசையிலிருந்து வருகின்றனவாம். தன் குரல் மண்டைக்குள்ளேயே கிணற்றில் பேசுவதுபோல் சுற்றுகிறதாம். தன் சுருதி விலகினால் தனக்குத் தெரியாமல் போய்விடும், மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும் என்பது அவள் பயம். ஈஸ்டர் போயிற்று. அறுப்பின் பண்டிகை போயிற்று. இந்தக் கார்த்திகையில், கிறிஸ்துமஸ் பாடல்களின் பயிற்சி தொடங்கியபோது, வரிசையின் வலது கோடியில் நின்றால் எல்லோரும் தன் இடது பக்கம் இருப்பார்கள் என்று அவளே கண்டுபிடித்தாள். குழுவை நடத்துகிறவரிடம் பேசி, இடத்தை மாற்றிக்கொண்டாள். என்னிடம் யோசனை கேட்கவில்லை.

போன சனிக்கிழமை சாயங்காலம் அவள் உள்ளே போனாள். நான் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். தூறிக்கொண்டிருந்தது. ஸ்டீரியோவை அணைத்துவிட்டு, ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கி, தலையைச் சாய்த்துக் கேட்டேன். குரல்கள் எல்லாம் மொத்தையாக வந்தன. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினார்கள். அவளுக்காகத்தான் திரும்பப் பாடுகிறார்களோ என்று ஒவ்வொரு முறையும் தலையை இன்னும் கொஞ்சம் வெளியே நீட்டினேன். இத்தனை காலம் பிரித்தறியாத ஆல்டோவை அந்த மழையில் உட்கார்ந்து தேடினேன்.

முடிந்ததும் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு வந்து ஏறினாள். வண்டியைக் கிளப்பினாள்.

"எப்படி இருந்துச்சு?"

"நீங்க கேட்டீங்களா?"

"கேட்டேன். உன் குரல் எதுன்னுதான் கடைசிவரைக்கும் தெரியல."

"அதான் ஆல்டோ" என்றாள். வைப்பரைப் போட்டாள். கொஞ்ச தூரம் போன பிறகு சாலையைப் பார்த்தபடியே சொன்னாள்: "சில எடத்துல எனக்கே தெரியலங்க. அடுத்த வாரமும் போயிப் பாக்கணும். முதல்ல அந்தக் கண்ணாடியை ஏத்துங்க, ஸ்பீக்கர் பூரா நனைஞ்சிருக்கு."