இலவசம் வேறு, சுதந்திரம் வேறு

எங்கள் வீட்டில் மூன்று பேர். கம்ப்யூட்டரைப் பற்றி மூன்று கருத்து. அதன் முன்னால் தினமும் உட்கார்ந்து வேலை செய்தவள் நான் ஒருத்திதான், ஆனால் என் கருத்தை மட்டும் யாரும் கேட்டதில்லை.

திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் வீட்டு முன்னறையைக் கடையாக்கி டி.டி.பி. சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், பழையதாக வாங்கிய ஜெராக்ஸ் மெஷின். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, தொழிற்சங்கத் துண்டறிக்கை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று வேலை வந்துகொண்டே இருக்கும். கல்யாணத்துக்கு முன்பே தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள் நான். கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் எழுத்து பிசகாது. மொட்டை மாடிக்குப் போனால் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். அப்படியும் எங்கள் தெருவில் கரண்ட் போகும். அந்தக் கோபம் தனி.

என் கணவருக்கு எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. கேட்டில் அட்டை தேய்க்கும் மெஷின் வைத்த மாதமே அங்கே வருகை குறித்துக்கொண்டிருந்த இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து கம்ப்யூட்டர் என்றாலே அவருக்கு ஆகாது. "மெஷின் உள்ள வந்தா மனுசன் வெளிய. அவ்ளோதான்" என்பார். அப்படிச் சொல்லிவிட்டு, நான் பிரிண்ட் எடுத்துவைத்த சங்க நோட்டீஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு போவார்.

அவர் தம்பி, என் கொழுந்தனார், எங்களோடுதான் இருந்தார். என்ஜினியரிங் முடித்துவிட்டு ஊரின் தென்கோடியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு, பாரிமுனை போய் இன்னொரு பஸ் மாறிப் போய்வந்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதோ கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தார். மென்பொருளை யாரும் பூட்டி வைக்கக்கூடாது, எல்லோரும் திறந்து பார்க்கவும் திருத்தவும் கொடுக்கவும் உரிமை வேண்டும் என்பது அந்தக் கூட்டத்தின் கொள்கை. வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அந்தக் கூட்டம் மறுபடி நடக்கும்.

"ஒங்க மெஷின்ல கீறதுல பாதி திருட்டு சரக்கு, அண்ணி" என்றார் ஒரு நாள், ரசம் ஊற்றிக்கொண்டே.

கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து கொடுத்த ஆள் எதைப் போட்டுக் கொடுத்தானோ அதைத்தான் வைத்திருக்கிறேன், தண்டையார்பேட்டை முழுக்க அதேதான் ஓடுகிறது என்றேன். அதனால்தான் மாற வேண்டும் என்றார். அப்படியென்றால் உன் இலவச சிஸ்டத்தையே போட்டுக்கொள் என்று என் கணவர் கிண்டலாகச் சொன்னார். கொழுந்தனாரின் முகம் சுருங்கிவிட்டது. "இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் 'ஃப்ரீ'தான். ஆனா இலவசம் வேற, சுதந்திரம் வேற" என்றார். அந்த வாக்கியத்தை அவர் வாயால் நான் எத்தனை முறை கேட்டிருப்பேனோ தெரியாது. அண்ணன் தம்பி இரண்டு பேரும் வாதாடி முடிப்பதற்குள் சோறு ஆறிப்போகும். தட்டு கழுவுவதற்கு மட்டும் எந்தக் கட்சியும் வராது.

என் மெஷினில் முறையாகப் பணம் கொடுத்து வாங்கிய சரக்கு ஒன்றே ஒன்று இருந்தது. தமிழ் எழுத்துரு. அது ஓட வேண்டுமானால் கம்ப்யூட்டரின் பின்னால் கட்டை விரல் அளவில் ஒரு பூட்டைச் செருக வேண்டும். பூட்டு இல்லையென்றால் தமிழ் இல்லை. ஒரு மழைக்காலக் காலையில் அந்தப் பூட்டு செத்துவிட்டது. திருட்டுச் சரக்கெல்லாம் ஜம்மென்று ஓட, நேர்மையாக வாங்கியதுதான் காலை வாரியது.

விற்றவருக்குப் போன் செய்தேன். கடல் காற்றில் துரு ஏறியிருக்கும் என்றார். திருவொற்றியூரில் கடல் காற்று வீசாமல் வேறு எந்தக் காற்று வீசும் என்று கேட்டேன். பூட்டைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பச் சொன்னார். வர நாளாகும் என்றார். அதுவரைக்கும் என்ன செய்வது என்றேன். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க மேடம்" என்றார். தமிழை எப்படி அட்ஜஸ்ட் செய்வது என்று எனக்குப் புரியவில்லை.

கொழுந்தனாருக்கு அன்று முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அவர் சொல்லிக்கொண்டே இருந்தது நடந்துவிட்டதல்லவா. "ஒங்க தமிழை ஒருத்தன் பூட்டி சாவியை எடுத்துகினு பூட்டான், பாத்தீங்களா?" என்றார். விற்றவர் மீது எனக்கிருந்த எரிச்சலில் அந்தப் பேச்சு இனித்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் சிடிக்களோடு உட்கார, நானே எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தேன். சாயங்காலத்துக்குள் பழைய சிஸ்டம் போய்ப் புது சிஸ்டம் வந்துவிட்டது. திரையில் தமிழ் தெரிந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. பழைய கோப்புகளைத் திறந்து பார்க்கும் வரை.

இத்தனை வருடம் அடித்துவைத்த பத்திரிகைகளும் போஸ்டர்களும் ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும் டாலர் குறியும் கலந்த குப்பையாக வந்தன. அது அந்தக் கம்பெனிக்காரன் தனக்கென்று வைத்துக்கொண்ட குறியீடு, இப்போதிருப்பது உலகத்துக்கே பொதுவான யூனிகோடு, பழையதை மாற்ற ஒரு புரோகிராம் எழுதித் தருகிறேன் என்றார் கொழுந்தனார். அடுத்தது விசைப்பலகை. என் விரல்களுக்குத் தெரிந்த இடத்தில் எந்த எழுத்தும் இல்லை. டைப்ரைட்டரில் கொம்பை முதலில் அடித்துவிட்டு எழுத்தை அடிப்போம், கையால் எழுதுவதும் அப்படித்தான். இதிலோ எழுத்தை முதலில் அடித்தால்தான் கொம்பு அதற்கு முன்னால் வந்து உட்காரும் என்றார். அதுதான் தமிழ் இலக்கணப்படி சரி என்றும் சொன்னார். என் விரலுக்கு இலக்கணம் தெரியாது, பழக்கம்தான் தெரியும் என்றேன். ஒரு வாரத்தில் பழகிவிடும் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.

அந்த ஒரு வாரம் எனக்குக் கிடைக்கவில்லை. மறுநாள் காலையில் எங்கள் பின்தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரே மகள், ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த பெண், அப்பாவின் போட்டோவைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். அழுது முடித்த முகம். போஸ்டர் வேண்டும், சீக்கிரம் வேண்டும் என்றாள். தெருவிலும் ஹார்பர் குவார்ட்டர்ஸ் பக்கமும் ஒட்டினால்தான் கூட வேலை செய்தவர்களுக்குத் தெரியும் என்றாள்.

கொழுந்தனார் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். கையைப் பிடிக்காத குறையாக நிறுத்தினேன். அவரும் தயங்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆபீசுக்குப் போன் செய்து அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் சொல்லச் சொல்ல அவரே அடித்தார். திரையில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. பிரிண்டரிலிருந்து வந்த தாளைக் கையில் எடுத்துப் பார்த்தேன்.

'கண்ணீர் அஞ்சலி' மட்டும் சரியாக இருந்தது. அதில் கொம்பு இல்லை. 'தோற்றம்', 'மறைவு' இரண்டிலும் கொம்புகள் தத்தம் எழுத்தை விட்டுப் பிரிந்து பின்னால் போய், ஒவ்வொன்றும் ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றன. இறந்தவரின் பெயரில் இரண்டு கொம்பெழுத்துகள். பெயர் இருந்த இடத்தில் எதுவோ உடைந்து கிடந்த மாதிரி இருந்தது.

மகள் தாளை வாங்கிப் பார்த்தாள். கத்தவில்லை. "எங்க நைனா பேரு ஏன்க்கா இப்டி கீது?" என்றாள்.

கொழுந்தனாரிடம் இதற்குப் பதில் இருந்தது. எழுத்துகளைத் திரையில் கோர்க்கும் பகுதி வேறு, அச்சுக்கு அனுப்பும் பகுதி வேறு, அந்த இரண்டாவது பகுதிக்கு இன்னும் தமிழ் முழுசாக வராது, அடுத்த வெளியீட்டில் சரியாகும் என்று விளக்கினார். பழைய கம்பெனிக்காரனிடம் இருந்தால் கெஞ்சிக்கொண்டு நிற்க வேண்டும், இதில் புரோகிராமின் மூல நிரல் நம் கையிலேயே இருப்பதால் நாமே திருத்திக்கொள்ளலாம் என்றார். குரலில் கர்வம் இல்லை. உண்மையாகவே அவளுக்கு ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவள் கடைசி வரை கேட்டாள். பிறகு, "தம்பி, சாயங்காலம் எடுத்துருவாங்க" என்றாள்.

எனக்கு அந்த நிமிடம் எல்லார் மேலும் ஆத்திரம் வந்தது. பூட்டு விற்றவன் மேல், கூட்டம் போட்டுக் கொள்கை பேசுகிறவர்கள் மேல், என் கணவர் மேல்கூட. அவர் ஷிப்டில் இருந்தார், பாவம், ஆனால் வந்ததும் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

வேறு கடைக்கு ஓடலாம் என்றால் பக்கத்தில் இருந்த ஒரே கடைக்காரர் திருப்பதி போயிருந்தார். கத்தரிக்கோலையும் பிளேடையும் எடுத்து மேஜையில் போட்டேன். எழுத்தைப் பெரிதாக்கி இன்னும் நாலு தாள் எடுங்கள் என்று கொழுந்தனாரிடம் சொன்னேன். என்ன செய்யப்போகிறேன் என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. காலேஜில் டிராயிங் போட்ட கை, பிளேடு பிடிப்பதில் என்னைவிட நிதானம். அவர் கொம்புகளைத் தனியாக நறுக்கி எடுத்தார். நான் புள்ளி வட்டங்களை வெள்ளை மை வைத்து அழித்தேன். மகள் கோந்து தடவிக் கொடுத்தாள். முதலில் வேண்டாம் என்று தடுத்தேன், அப்பா செத்த வீட்டுப் பெண். "சும்மா குந்திகினு இருந்தா அழுகதான்க்கா வரும், குடு" என்று வாங்கிக்கொண்டாள். அவள் அப்பா பெயரை அவளே ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தி நேராக வைத்தாள். மின்விசிறி போட்டால் கொம்பு பறக்கும் என்று அதையும் நிறுத்திவிட்டோம். வேர்த்துக் கொட்டியது. எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரைச் சுற்றி மூன்று பேர் இருந்தும் வாதம் நடக்காத நேரம் அது ஒன்றுதான்.

ஒட்டிய தாளை ஜெராக்ஸில் போட்டுப் பெரிதாக எடுத்தோம். கோந்து ஓரம் மெல்லிய நிழலாகத் தெரிந்தது. 'தோற்றம்' கொஞ்சம் சாய்ந்திருந்தது. பெயர் நேராக இருந்தது. கொழுந்தனாரே பசை வாளியைத் தூக்கிக்கொண்டு போய் ஒட்டிவிட்டு வந்தார். சாயங்காலம் ஊர்வலத்தில் ஹார்பர் ஆட்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்ற சாலையில் இடம் விடச் சொல்லி, மேளத்தோடு நடந்து போனார்கள்.

அன்று வீட்டில் நான் எதிர்பார்த்ததே நடந்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டு என் கணவர், இதற்குத்தான் சொல்கிறேன், மெஷினை நம்பினால் பேஜார்தான் என்று ஆரம்பித்தார். கொழுந்தனார், தப்பு மெஷினில் இல்லை, பூட்டில் இருக்கிறது என்றார். நான் இருவருக்கும் நடுவில் சாம்பார் பாத்திரத்தை வைத்துவிட்டு உள்ளே போனேன்.

சில வாரம் கழித்துப் புதுப் பூட்டு வந்தது. கூடவே எழுத்துருவின் புதுப் பதிப்பும் வந்தது. அதில் பழைய கோப்புகள் திறக்கவில்லை. கேட்டால், அது பழைய பதிப்பு மேடம் என்றார்கள். கடைசியில் கொழுந்தனார் ஒரே மெஷினில் இரண்டு சிஸ்டத்தையும் வைத்துக் கொடுத்தார். ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும், எது வேண்டும் என்று அது என்னைக் கேட்கும். எது ஓடுமோ அது வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பொத்தானை அழுத்துவேன்.

அவருடைய கூட்டத்து நண்பர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டார்கள். தமிழுக்கு எந்த விசைப்பலகை சிறந்தது என்று தகராறு. ஒருவர், ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக வருவதுதான் எதிர்காலம் என்றார். அது தமிழுக்கே அவமானம் என்றார் இன்னொருவர். காபி ஆற ஆறப் பேசினார்கள். தம்ளர்களை எடுக்கப் போன நான் நின்றுவிட்டேன்.

"ஒங்கள்ல யாராச்சும் ஒரு நாள் முழுக்கத் தமிழ் அடிச்சிருக்கீங்களா?" என்றேன்.

நாங்கள் நிரல்தான் எழுதுவோம் என்றார் ஒருவர், மெதுவாக. பிறகு அவரே என்னை அவர்களுடைய அடுத்த கூட்டத்தில் வந்து பேசச் சொன்னார். நானும் புடவை கட்டிக்கொண்டு தென்கோடி வரை இரண்டு பஸ் மாறிப் போனேன். மேடையில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள், குத்துவிளக்கு ஏற்றச் சொன்னார்கள். பேச அழைப்பதற்குள் நேரமாகிவிட்டது என்று முடித்துவிட்டார்கள்.

கொழுந்தனார் மட்டும் விடவில்லை. அந்தக் கொம்புப் பிழையைப் பற்றி எங்கெங்கோ எழுதினார். எங்களுக்குச் சரியாகத்தான் தெரிகிறது என்று யாரோ வெளிநாட்டிலிருந்து பதில் போட்டார்கள். இவர் மறுபடி எழுதினார். கல்யாணமாகி வேளச்சேரிக்குக் குடிபோன பிறகும் அதையே பிடித்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் சிடியோடு வந்து நின்றார். தானும் வேறு சிலரும் சேர்ந்து திருத்தியது என்றார். என் பழைய டைப்ரைட்டர் விசையமைப்பையும் அதில் சேர்த்திருந்தார். உட்கார்ந்து அடித்தேன். விரல் போன இடத்தில் எழுத்து வந்தது, கொம்பு அதனதன் இடத்தில் நின்றது. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நன்றாக இருக்கிறது என்று மனசாரச் சொன்னேன்.

பிரிண்ட் கொடுத்தேன். ஒன்றும் வரவில்லை. நான் புதிதாக வாங்கியிருந்த பிரிண்டரை அதற்கு அடையாளம் தெரியவில்லை.

"அது பிரிண்டர் செஞ்சவன் தப்பு, அண்ணி. அது எப்டி ஓடுதுன்ற வெவரத்தை அவன் தர மாட்டேன்றான்" என்று சொல்லிக்கொண்டே மேஜைக்கு அடியில் குனிந்து ஒயரைத் தேடினார். வாசலில் காதுகுத்துப் பத்திரிகை வாங்க வந்தவர் நின்றுகொண்டிருந்தார். கொஞ்சம் உட்காருங்கள் என்று அவருக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு, கொழுந்தனாருக்கும் சேர்த்து உலை வைக்க உள்ளே போனேன்.